பொலிரோவின் டாப்பில் ஒரு துளை

திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் சாலையில் ஒரு டிங்கரிங் பட்டறை. வேப்பமரத்தடியில் வெள்ளை பொலிரோ ஒன்று நின்றது. அதன் டாப்பைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். பெரியவர் ஒருவர் ஸ்டூலின் மேல் ஏறி நின்று, சணல் கயிற்றின் ஒரு நுனியைக் கட்டைவிரலால் தகட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுநுனியில் கட்டிய சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். கயிறு ஐம்பது சென்டிமீட்டர். "இந்த வட்டம் முழுசா தகட்டுக்குள்ள விழணும், அதுதான் கணக்கு" என்றார் என்னைப் பார்த்து. நான் இன்னும் வணக்கம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

அவரை அங்கே எல்லோரும் 'சார்' என்கிறார்கள். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அமெச்சூர் ரேடியோ உரிமம் அவரிடம் வெகுகாலமாக இருக்கிறது. வண்டி, வேதாரண்யம் பக்கத்துத் தேங்காய் வியாபாரி ஒருவருடையது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அவர் ஊருக்குப் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. தோப்பு போன துக்கத்தைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். மின்கம்பங்கள் சாய்ந்து, செல்போன் கோபுரங்கள் அணைந்து, நாலு கிலோமீட்டரில் இருக்கும் தங்கை வீட்டில் என்ன ஆயிற்று என்று தெரியாமல் கிடந்ததுதான் இன்னும் ஆறவில்லை என்கிறார். பிறகு அவரும் அக்கா மகனும் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் அமெச்சூர் தேர்வை எழுதி உரிமம் வாங்கினார்கள். நிவாரணப் பொருள் ஏற்றிப் போகும் இந்த வண்டியில் மழைக்காலத்துக்குள் ஐம்பது வாட் வயர்லெஸ் செட் ஒன்றைப் பொருத்திவிட வேண்டும் என்று வந்திருக்கிறார்கள். செட் டேஷ்போர்டுக்குக் கீழே. அதில் பேச்சே இல்லை. ஆண்டெனா எங்கே என்பதில்தான் நான் போவதற்கு முன்பே வாதம் தொடங்கியிருந்தது.

வண்டிக்காரரின் யோசனை எளிமையானது. "பின் பம்பர்ல ஒரு கிளாம்ப் போட்டு மாட்டிடலாம் சார். முன்னெல்லாம் போலீஸ் ஜீப்ல அப்படித்தானே நீளக் கம்பி ஆடிக்கிட்டு நிக்கும்? டாப்புல எதுக்கு ஓட்டை?"

"அந்த ஜீப்புக்குத் துணி டாப்புண்ணே. மேல தகடே கிடையாது, எங்க வைப்பான்?" என்றபடி சார் ஸ்டூலைவிட்டு இறங்கினார்.

பிறகு சாக்பீஸைக் கொண்டே கதவில் கணக்குப் போட்டுக் காட்டினார். இந்தியாவில் அமெச்சூர்களுக்கு இருக்கும் ஒரு பட்டை 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. முந்நூறை 145-ஆல் வகுத்தால் அலைநீளம் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் வரும். அதில் கால்வாசி ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர்; உலோகக் கம்பியில் கொஞ்சம் குறைத்து நாற்பத்தொன்பது அளவில் வெட்டுவார்கள். டாப்பில் நிற்கப்போகும் கம்பி அவ்வளவுதான். கம்பி தனியாக நின்றால் வேலைக்கு ஆகாது. கேபிளின் நடுக்கம்பி மேலே நிற்கும் குச்சிக்குப் போகிறது, சுற்றியிருக்கும் வலைக்கம்பி கீழே தகட்டுக்குப் போகிறது. மேலே ஓடும் மின்னோட்டத்துக்கு ஈடாகத் தகட்டில் எல்லாத் திசையிலும் மின்னோட்டம் பரவியாக வேண்டும். "கண்ணுக்குத் தெரியறது பாதி ஆண்டெனா. மீதிப் பாதி உங்க வண்டி" என்றார் சார். கடையில் ஆண்டெனா வாங்குகிறவர்கள் நீளத்தையும் விலையையும் விசாரிக்கிறார்கள். எங்கே பொருத்துகிறோம் என்பதிலேயே மறுபாதியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறோம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. ஐம்பது சென்டிமீட்டர் கயிறு அதற்குத்தான். குச்சியின் அடியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் குறைந்தது கால் அலைநீளத்துக்குத் தகடு இருக்க வேண்டும்.

பம்பரில் அது கிடைக்காது. ஒரு பக்கம் வண்டியின் முதுகு, மறுபக்கம் வெறும் காற்று. குச்சி முழுவதும் பின் கதவுக்கும் ஸ்டெப்னிக்கும் பின்னால் ஒளிந்துகொள்ளும். முன்னால் இருக்கிறவருக்கு நம் குரல் இரும்புச் சுவரைத் தாண்டித்தான் போக வேண்டும். இன்னொன்று உயரம். மேடே இல்லாத டெல்டாவில் இந்த அலைவரிசை ஏறத்தாழ நேர்கோட்டில்தான் போகும். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆண்டெனாவுக்கு ரேடியோ தொடுவானம் நாலு கிலோமீட்டர். அதையே பொலிரோவின் டாப்பில் நட்டால், நுனி இரண்டரை மீட்டரை நெருங்கும், தொடுவானமும் ஆறரை கிலோமீட்டர் ஆகும். எதிர்முனையில் முப்பது மீட்டர் கோபுரம் இருந்தால் அதன் பங்கு இருபத்திரண்டு கிலோமீட்டருக்கு மேல், அதைக் கூட்டிக்கொள்ளலாம். "ஐம்பது வாட்டை நூறு வாட் ஆக்குறதைவிட ஒரு மீட்டர் மேல ஏத்துறது இந்த ஊர்ல லாபம்" என்றார்.

வாதத்தை வாயால் முடிக்க அவருக்கு விருப்பமில்லை. பையிலிருந்து காந்த அடி போட்ட ஆண்டெனா ஒன்றையும், ஆண்டெனாவை அளக்கும், உள்ளங்கை அளவுள்ள நானோ விஎன்ஏ கருவியையும் எடுத்தார். கொரடாச்சேரிப் பக்கம் இருக்கும் இன்னொரு அமெச்சூர் நண்பர் வீட்டில் செட்டைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். வேண்டுமென்றே ஐந்து வாட்டில் பேசுவது என்று முடிவு. முழுச் சக்தியில் எல்லா இடமும் நன்றாகவே கேட்கும், வித்தியாசம் தெரியாது.

முதலில் பானெட்டின் இடது மூலை. காந்தம் டக்கென்று ஒட்டியது. நானோ விஎன்ஏவின் திரையில் வளைகோடு 145-க்குக் கொஞ்சம் தள்ளி இறங்கியது. எஸ்டபிள்யூஆர், அதாவது சக்தி திரும்பி வருவதைக் காட்டும் அளவு, இரண்டுக்குக் கீழே. போகிற சக்தியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் திரும்பி வருகிறது என்று அர்த்தம். மோசமில்லை. கொரடாச்சேரிக்காரர், "கேக்குது, பின்னாடி இரைச்சல் இருக்கு" என்றார். வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொன்னார் சார். அதே இடம், அதே ஐந்து வாட். இப்போது எதிர்முனையில் மீட்டரில் இரண்டு கோடு ஏறிவிட்டது.

எனக்கு இது புதிது. ஆண்டெனா வண்டியின் மூலையில் இருந்தால், தகடு அதிகம் இருக்கும் பக்கமாக அலை கூடுதலாகச் சாயும். முன்-இடது மூலையில் வைத்தால் பின்-வலது திசையில் பலம். காம்பு ஓரத்தில் இருக்கும் குடை மாதிரி, ஒரு தோள் நனையும். ஒரே ஊரிலிருந்து ஒரே கோபுரத்தோடு பேசுகிறவருக்கு இது சாதகமாகக்கூட அமையலாம். புயலுக்குப் பிறகு எந்தச் சாலை திறந்திருக்கும், வண்டி எந்தப் பக்கம் மூக்கைக் காட்டி நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

பானெட்டின் மேல் இன்னொரு புகாரும் உண்டு. சார் வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, தூரத்து நிலையம் ஒன்றின் மெல்லிய குரலைப் பிடித்துவைத்தார். டீசல் வண்டி, ஸ்பார்க் பிளக் கிடையாது. ஆனாலும் ஆல்டர்னேட்டர் சுற்றுகிறது, எஞ்சினை ஆளும் கணினிப் பெட்டி துடிக்கிறது. வண்டிக்காரரின் அக்கா மகன் சிகரெட் லைட்டர் துளையில் செல்போன் சார்ஜரைச் செருகினான்; குரல் கரகரவென்று மங்கியது. கூடுதலாக மாட்டியிருந்த எல்ஈடி விளக்கைப் போட்டான். குரல் போயே போய்விட்டது. அணைத்ததும் திரும்பி வந்தது. ஆண்டெனாவை டாப்புக்கு மாற்றியபின் அதே சோதனையில் சார்ஜர் தொல்லை ஏறக்குறைய இல்லாமல் போயிற்று. எல்ஈடி மட்டும் விடாமல் உறுமியது. "அந்த லைட்டைக் கழட்டி எறியுங்க" என்றார் சார். வண்டிக்காரர் பதில் சொல்லவில்லை. போன தீபாவளிக்கு ஆசையாக வாங்கியது.

அடுத்து பின் கதவு. இங்கே எஸ்டபிள்யூஆர் நன்றாகவே வந்தது, நான் பாராட்டப்போனேன். சார் சிரித்துவிட்டு, பையிலிருந்து கட்டைவிரல் நீளத்தில் ஓர் உலோக உருளையை எடுத்துக் கருவியில் மாட்டினார். வளைகோடு தட்டையாக ஒன்றில் நின்றது. "இதைவிட நல்ல எஸ்டபிள்யூஆர் உலகத்துலயே கிடையாது. ஆனா இதுல பேசினா பக்கத்துத் தெருவுக்குக்கூடக் கேக்காது. டம்மி லோடு. வர்ற சக்தியையெல்லாம் சூடாக்கிடும்." திரும்பி வரவில்லை என்பதாலேயே வெளியே போய்விட்டது என்று ஆகாது. பின் கதவு வண்டியோடு சேர்ந்திருப்பது இரண்டு கீலில். கீலுக்கு நடுவே பெயின்ட், கிரீஸ், சுற்றிலும் ரப்பர் பீடிங். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். கதவைக் கொஞ்சம் அசைத்தால் எண் மாறுகிறது. கதவில்தான் மாட்டியாக வேண்டும் என்றால், செம்புப் பின்னல் பட்டை ஒன்றால் கதவையும் பாடியையும் திருகி இணைத்துவிட வேண்டும். கதவு விளிம்பில் கவ்வும் கிளாம்ப்புகளில் இருக்கும் சிறு திருகுகளும் பெயின்ட்டைக் கடித்து இரும்பைத் தொட வேண்டும். பெயின்ட் கெடுமே என்று அதற்கு அடியில் ரப்பர் வைத்து இறுக்குகிறவர்கள் உண்டாம். ஆண்டெனா அழகாக நிற்கும். மறுபாதி அந்தரத்தில் தொங்கும்.

பிறகுதான் உண்மையான சிக்கல் வந்தது. சார் போட்ட சாக்பீஸ் வட்டம் டாப்பின் நட்ட நடுவில் இருந்தது. இந்த அலைவரிசைக்குப் பாடப்புத்தகம் சொல்லும் இடம் அதுதான்: எல்லாப் பக்கமும் தகடு, எல்லாத் திசையிலும் ஒரே பலம், உள்ளே இருக்கிறவர்களுக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவே இரும்புக் கூரை. காந்த அடியை அங்கே வைத்ததும் வளைகோடு 145-இல் ஆழமாக இறங்கியது. கொரடாச்சேரிக்காரர் கேட்காமலே, "இப்ப எங்க வச்சிருக்கீங்க? சுத்தமா வருது" என்றார். வண்டியை எந்தப் பக்கம் திருப்பியும் அவருடைய மீட்டர் அசையவில்லை.

வண்டிக்காரர் பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த கேரியரைக் காட்டினார். "அப்ப இதை எங்க வைக்கிறது?"

எல்லோரும் அமைதியானார்கள். நிவாரண வண்டிக்குக் கேரியர் இல்லாமல் முடியாது. தார்ப்பாய்க் கட்டு, அரிசி மூட்டை, மரம் அறுக்கும் இயந்திரம், அலுமினிய ஏணி எல்லாம் மேலேதான் ஏறும். நடுவில் குச்சி நின்றால் முதல் மூட்டை ஏறும்போதே முறிந்துவிடும். கேரியர் கம்பியிலேயே ஆண்டெனாவை மாட்டலாமே என்றான் அக்கா மகன். சார் கேரியரின் கால்களைத் தட்டிக் காட்டினார்: நாலு காலிலும் ரப்பர் அடி, அதன் மேல் பவுடர் கோட்டிங். வண்டிக்கும் அதற்கும் மின்தொடர்பே இல்லை. சுரண்டி எர்த் கொடுத்தாலும், மறுபாதியாக இருக்கப்போவது தகடு அல்ல, கம்பிச் சட்டம். பக்கத்திலேயே அலுமினிய ஏணி. ஏணி ஏறிய நாளில் ஒரு மாதிரி, ஏறாத நாளில் ஒரு மாதிரி.

தகட்டை நம்பாமல், மறுபாதி தேவைப்படாத அரை அலை ஆண்டெனா வாங்கிவிடலாமா என்று கேட்டேன். கேட்கத் தகுந்த கேள்விதான் என்று பிறகு தெரிந்தது. நாகப்பட்டினம் துறைமுகத்தில் பார்க்கும் ஃபைபர் படகுகளில் தகடே இல்லை. கடல் வயர்லெஸ் ஆண்டெனாக்களைப் பெரும்பாலும் அரை அலையாகச் செய்வது அதனால்தான். உயரம் இருமடங்காகும் என்பதே விலை. பொலிரோவின் மேல் ஒரு மீட்டர் குச்சி நின்றால் கிட்டத்தட்ட மூன்று மீட்டர். புளியமரச் சாலைகளில் ஒவ்வொரு கிளையும் அதை ஒரு தட்டுத் தட்டும். எட்டில் ஐந்து அலை நீளமுள்ள, இன்னும் கொஞ்சம் தூரம் பேசக்கூடிய ஆண்டெனா ஒன்று சாரின் பையில் இருந்தது. ஒன்றேகால் மீட்டருக்கு மேல். அதை எடுத்துக் காட்டிவிட்டு உள்ளே வைத்தார். "ஹைவேல எண்பதுல போனா வில்லா வளையும். சாஞ்ச குச்சி சாஞ்ச அலைதான் கொடுக்கும். புயல் வண்டிக்குக் கால் அலை போதும். உடைஞ்சாலும் சைக்கிள் ஸ்போக்கை வெட்டி மாட்டிடலாம்." சைக்கிள் ஸ்போக் நாற்பத்தொன்பது சென்டிமீட்டர் இருக்காதே என்று நினைத்துக்கொண்டேன். இரண்டைச் சால்டர் பண்ணினால் வரும்.

முடிவைச் சொன்னது டிங்கர். அதுவரை ஒரு ஓரமாக பீடி பிடித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, கேரியரைத் தூக்கி டாப்பில் வைத்து, பின்னால் தள்ளினார். "முன்னாடி நல்லாவே இடம் விடுறேன். முன் சீட்டுக்கு மேல. போதுமா சார்?" கேரியரின் முன் கம்பியை ஒரு சட்டம் அறுத்துக் குறைத்தால் இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும். சார் கயிற்றை எடுத்தார். கண்ணாடி விளிம்பிலிருந்து ஐம்பது சென்டிமீட்டர் தள்ளிப் புள்ளி வைத்தார். பக்கவாட்டில் இரு பக்கமும் வட்டம் தகட்டுக்குள் விழுந்தது. பின்னால் வட்டத்தின் விளிம்பு கேரியர் கம்பிக்கு அடியில் கொஞ்சம் நுழைந்தது. தகடு அங்கேயும் தொடர்கிறது, அதனால் பரவாயில்லை. கம்பி மட்டும் கொஞ்சம் இழுக்கும். காந்த அடியை வைத்துப் பார்த்தார்கள். வளைகோடு சற்றே தள்ளி இறங்கியது. குச்சியில் சில மில்லிமீட்டர் வெட்டினால் சரியாகிவிடும். ஏணியைக் கேரியரில் வைத்தும் அளந்தார்கள்; எஸ்டபிள்யூஆர் ஒன்றரையைத் தாண்டவில்லை. நூற்றுக்கு நாலு திரும்பி வரும், அவ்வளவே. கொரடாச்சேரிக்காரருக்குப் பின் திசையில் ஒரு கோடு கூடியது. நடு டாப்பின் சமச்சீர் போய்விட்டது. மூட்டையும் ஏறும், குரலும் போகும்.

"சரி, காந்தத்தோடயே விட்டுடலாமே? நல்லாத்தானே ஒட்டுது" என்று வண்டிக்காரர் கடைசி முயற்சி செய்தார். இந்த இடத்தில் சார் நேர்மையாக இருந்தார். இந்த அலைவரிசையில் பெரிய காந்த அடிக்கும் துளை போட்ட அடிக்கும் பேச்சில் பெரிய வித்தியாசம் வராது. பெயின்ட்டைத் தாண்டியே காந்தத் தட்டும் டாப்பும் மின்தேக்கி போலச் சேர்ந்துகொள்ளும். வாடகை வண்டி, நண்பனின் வண்டி என்றால் காந்தமே நல்லது. இங்கே தொல்லை வேறு. கேபிள் கதவு இடுக்கில் நுழைய வேண்டும். ஒவ்வொரு முறை கதவைச் சாத்தும்போதும் நசுங்கும், பீடிங் தூக்கிக்கொண்டு மழைத் தண்ணீர் உள்ளே வரும். காந்தத்துக்கு அடியில் மணலும் உப்பும் சேர்ந்து பெயின்ட்டைத் தேய்க்கும். வேதாரண்யத்து உப்புக் காற்றில் அங்கேயே துரு பிடிக்கும். மூட்டை இறக்குகிறவன் கால் பட்டால் கழன்று பக்கவாட்டில் தொங்கும். வண்டிக்காரர் ஒரு நிமிடம் டாப்பைத் தடவிப் பார்த்தார். "போடுங்க" என்றார்.

துளை போடும் வேலை பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. அதற்கு முன்னேற்பாடுதான் நீண்டது. ரூம் லைட்டைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கையை விட்டு, டாப்புக்கு அடியில் குறுக்குச் சட்டம் எங்கே ஓடுகிறது என்று டிங்கர் தடவிப் பார்த்தார். சட்டத்தின் மேல் துளை விழுந்தால் அடியில் நட் உட்காராது. இந்த வண்டியில் பக்கவாட்டுத் திரை ஏர்பேக் கிடையாது. இருக்கும் வண்டிகளில் டாப்பின் ஓரமும் தூண்களும் அதற்குச் சொந்தம். அங்கே கேபிளை ஒளிக்கப்போய், விபத்து நேரத்தில் பை விரியாமல் தடுத்துவிடக்கூடும். பஞ்ச் அடித்து, சிறு டிரில் போட்டு, பிறகு பத்தொன்பது மில்லிமீட்டர் ஹோல் சா. கூரைத் துணியைக் கிழித்துவிடாமல் நடுவே ஒரு மரப்பலகைத் துண்டைச் செருகியிருந்தார்கள். இரும்புத் தூளைக் காந்தத்தாலேயே பொறுக்கினார் டிங்கர். விட்டுவிட்டால் முதல் மழையிலேயே ஒவ்வொரு தூளும் ஒரு துருப்பொட்டு. வெட்டு விளிம்பில் பிரைமர் தடவினார். அடிப்பக்கம் மட்டும் உப்புத்தாளால் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பைக் காட்டி, வாஸ்லின் தடவி, அடியை இறுக்கினார். மல்டிமீட்டர் கீச்சென்று கத்தியது.

கேபிளைக் கூரைத் துணிக்கும் தகட்டுக்கும் நடுவே ஓட்டி, தூண் வழியாக டேஷ்போர்டுக்கு இறக்கினார்கள். ஐந்து மீட்டர் கொடுத்திருந்தான் கடைக்காரன். மெல்லிய ஆர்ஜி-58 கேபிளில் ஐந்து மீட்டர் என்றால் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வழியிலேயே சூடாகிப் போகும். மிச்சத்தைச் சீட்டுக்கு அடியில் சுருட்டி வைக்கப்போன பையனைச் சார் தடுத்து, தேவைக்கு மேல் இருந்ததை வெட்டி, முனையைப் புதிதாகச் சால்டர் செய்தார். மின்சாரம் பேட்டரியிலிருந்து நேராக, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். ஐம்பது வாட்டில் பேசும்போது செட் பத்து ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். சிகரெட் லைட்டர் வயர் அதற்கானது அல்ல.

ஒரு விதியை மட்டும் பையனிடம் இரண்டு முறை சொன்னார். மேலே யாராவது மூட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தால் மைக்கைத் தொடக்கூடாது. உள்ளே இருப்பவர்களுக்கு டாப் மறைப்பு. மேலே நிற்பவன் குச்சிக்கு ஒரு கை தூரத்தில் இருப்பான். பேசும்போது குச்சியைப் பிடித்தால் தோல் பொசுங்கும்.

கிளம்பும் நேரத்தில் வண்டிக்காரர் தயங்கித் தயங்கி இன்னொன்று கேட்டார். தூரத்து ஊர்களோடு பேச 7 மெகாஹெர்ட்ஸ் செட்டும் வாங்கலாமென்று இருக்கிறார். அதையும் இதே துளையில் மாட்டலாமா? சார் இல்லையென்று தலையாட்டினார். அங்கே கால் அலை என்பதே பத்து மீட்டர். முழு பொலிரோவும் அதற்குப் போதாது. அடியில் சுருள் போட்ட குட்டை ஆண்டெனா, பம்பருக்கு மேல் பாடியைவிட்டு விலகி நிற்கும் தாங்கி, கதவு, பானெட், சைலன்சர் குழாய் எல்லாவற்றையும் செம்புப் பட்டையால் ஒன்றோடொன்று பிணைப்பது என்று அது தனி வேலை. அவ்வளவும் செய்தாலும் கொடுத்த சக்தியில் சிறு பங்குதான் வானத்துக்குப் போகும். "அது அடுத்த வருஷம்" என்றார்.

"வீட்டுல இருக்கிற கார்ல, சார்? டாப்பு முழுக்கக் கண்ணாடி."

"கண்ணாடில காந்தமும் ஒட்டாது, அலைக்கு மறுபாதியும் கிடைக்காது. பானெட் ஓரத்துல பிராக்கெட் போடலாம், பானெட் உலோகமா இருந்தா. அலுமினியம்னா காந்தம் ஒட்டாது, பிராக்கெட்டை முடுக்கலாம், வேலை செய்யும். பிளாஸ்டிக்னா ரெண்டும் இல்ல. ஞாயித்துக்கிழமை கொண்டாங்க. காந்தத்தையும் மல்டிமீட்டரையும் கையில எடுத்துக்கிட்டு ஒரு சுத்து சுத்திப் பாத்துடுவோம், எது தகடு, எது தகடு மாதிரி பெயின்ட் அடிச்சதுன்னு."